மனநோய் மாத்திரையும் நோன்பும்: குடும்பத்தார் அறிய வேண்டியவை

மகன் சில மாதங்களாக ஒழுங்காகச் சாப்பிடுகிறான், தூங்குகிறான், பள்ளிவாசலுக்கும் போகிறான். "இனி எதுக்கு மாத்திரை? நோன்பு வேற வருது, நிறுத்திடலாமே" என்கிறார் உம்மா. பாசத்தில் எழும் கேள்விதான். ஆனால் மருத்துவரைக் கேட்காமல் வீட்டிலேயே முடிவெடுத்தால், அடங்கிய நோய் திரும்பி வரும் ஆபத்து அதிகம்.

மாத்திரை என்ன செய்கிறது?

ஸ்கிசோஃப்ரினியா என்னும் மனச்சிதைவு நோயில், யாரும் இல்லாதபோது காதில் குரல் கேட்கும். தன்னைக் கொல்லச் சதி நடக்கிறது என்ற சந்தேகம் வேரூன்றும். பைபோலார் நோயில் சில காலம் தூக்கமே இல்லாத அளவு மீறிய உற்சாகமும் செலவும் கோபமும், வேறு சில காலம் எழ முடியாத சோர்வும் மாறி மாறி வரும்.

மூளையில் டோபமைன் என்ற இரசாயனத்தின் வேலை சில இடங்களில் மிகும்போது இத்தகைய குரல்களும் சந்தேகங்களும் எழுகின்றன. அதை மட்டுப்படுத்துபவையே ஆன்டிசைகோடிக் மருந்துகள். 1952இல் பாரிஸில் குளோர்ப்ரோமசின் என்ற மருந்துடன் இந்தச் சிகிச்சை தொடங்கியது. இன்று ரிஸ்பெரிடோன், ஒலான்சபைன் போன்றவை பரவலாகத் தரப்படுகின்றன.

இவை போதைப் பொருள் அல்ல. முழுப் பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். குணமான பிறகும் குறைந்தது ஓரிரு ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் தேவைப்படும். சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் போலவே, நோய் அடங்கியிருப்பது மருந்தால்தான்.

பக்க விளைவுகள்

உடல் எடை கூடுதல், சர்க்கரை ஏறுதல், கை நடுக்கம், உடல் விறைப்பு, இருந்த இடத்தில் இருக்க முடியாத தவிப்பு, அதிகத் தூக்கம் ஆகியவை வரலாம். குளோசபைன் எடுப்பவர்களுக்கு வெள்ளையணு எண்ணிக்கையைப் பார்க்க இரத்தப் பரிசோதனை அவசியம். தொல்லை இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், வேறு மருந்துக்கு மாற்றலாம். தினமும் மாத்திரை விழுங்க மறுப்பவர்களுக்கு இரு வாரம் அல்லது மாதம் ஒருமுறை போடும் ஊசியும் உண்டு.

நோன்பு நேரத்தில்

ரமலானுக்கு ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். இரவில் ஒருமுறை எடுக்கும் மாத்திரைக்குப் பெரும்பாலும் சிக்கல் இல்லை. இருவேளை மாத்திரைகளை இஃப்தாருக்கும் ஸஹருக்கும் மாற்ற முடியுமா என்று அவர் சொல்வார்.

லித்தியம் எடுப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். உடலில் நீர் வற்றினால் இரத்தத்தில் அதன் அளவு ஏறி நஞ்சாகலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் நடுக்கம், தள்ளாட்டம், பேச்சுக் குழறல் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பைபோலார் நோயாளிக்குத் தொடர்ந்து இரவுத் தூக்கம் கெடுவதே நோயைத் தூண்டிவிடும். நோன்பு வேண்டாம் என்று மருத்துவர் சொன்னால், நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்திருப்பதை அவருக்கு எடுத்துச் சொல்லுங்கள். குற்ற உணர்வில் அவர் மாத்திரையை ஒளித்து வைக்க விடாதீர்கள்.

ஓதலும் மருந்தும்

ஜின், சூனியம் என்று எண்ணி அலைவதில் மாதங்கள் வீணாகின்றன. துஆ செய்யுங்கள், ஓதுங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்பவரை மட்டும் நம்பாதீர்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் காப்பகத் தீயில் 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியில் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் தடை செய்கிறது.

பெண் பிள்ளைக்கு மணம் பேசும்போது நோயை மறைப்பதும் ஆபத்தே. புகுந்த வீட்டில் மாத்திரையை ஒளித்து விழுங்க முடியாமல் பாதியில் நின்றுபோகும். வால்ப்ரோயேட் போன்ற சில மருந்துகள் கருவைப் பாதிக்கும் என்பதால், கர்ப்பத்துக்கு முன்பே மருத்துவரிடம் பேச வேண்டும்.

தமிழ்நாட்டில் மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இலவசமாக மருந்து கிடைக்கும். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் தமிழிலேயே ஆலோசனை கேட்கலாம். மாத்திரையை நிறுத்த நினைக்கும் நாளில், அதற்கு முன்பே அந்த எண்ணை அழையுங்கள்.