குழந்தையின் சொல்லும் நமது மறுமொழியும்

குழந்தை பேசக் கற்பது எவ்வாறு? பேச்சும் பழக்கத்தால் அமையும் ஒரு நடத்தையே என்று அமெரிக்க உளவியலாளர் பி. எஃப். ஸ்கின்னர் 1957இல் வெளியிட்ட நூலில் விளக்கினார். பயன் தரும் செயல் மீண்டும் நிகழும். பயன் தராதது மெல்ல மறையும்.

குழந்தை ‘ண்ணி’ என்றதும் தாய் தண்ணீர் தருகிறார். அதனால் கேட்கும் சொல் நிலைபெறுகிறது. காகத்தைக் கண்டு ‘கா’ என்றால் பாட்டி மகிழ்ந்து, ‘ஆமாம், காக்கா!’ என்கிறார். அம்மகிழ்ச்சியால் பெயரிடும் சொல் நிலைபெறுகிறது.

கேட்டறியாத வாக்கியங்களையும் குழந்தைகள் அமைப்பதை இக்கொள்கை விளக்கவில்லை என மொழியியலாளர் நோம் சோம்ஸ்கி 1959இல் மறுத்தார். எனினும், பேச்சுப் பயிற்சியில் இம்முறை இன்றும் பயன்படுகிறது.

வீட்டில் செய்யத்தக்கவை:

• கேட்கும் முன்பே அனைத்தையும் தந்துவிடாதீர்கள். முகம் பார்த்துச் சில நொடிகள் காத்திருங்கள்.

• ஒலியோ சைகையோ எழுந்தவுடன் பொருளைத் தந்து, அதன் பெயரைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

• அழும்வரை காக்க வைக்காதீர்கள். மழலையைத் திருத்திக் கண்டிக்காதீர்கள்.

• கைப்பேசியின் காணொளி குழந்தைக்கு மறுமொழி கூறாது, நீங்கள் பேசுங்கள்.

பேச்சுத் தாமதத்திற்குப் பெற்றோரே காரணம் என்பது இதன் பொருளன்று. செவித்திறன் குறைவு உள்ளிட்ட பல காரணங்கள் இருக்கலாம். 18 மாதத்தில் ஒரு சொல்லும் வராவிடினும், 2 வயதில் இரு சொற்களை இணைக்காவிடினும், பேசிய சொற்களை எவ்வயதில் இழந்தாலும், ‘தானே பேசிவிடும்’ என்று காத்திராமல் மருத்துவரை அணுகுங்கள். செவித்திறன் பரிசோதனையே முதற்படி.