விரலுக்குத் தகுந்த குமிழ்

வானொலி, ஒலிபெருக்கி, கீபோர்டு, மின்னணு சுருதிப் பெட்டி என்று எதை வாங்கப் போனாலும் சத்தம் எப்படி, விலை என்ன, எத்தனை வருட உத்தரவாதம் என்று கேட்கிறோம். திருகும் குமிழைப் பற்றி யாரும் கேட்பதில்லை. ஆனால், கருவி வீட்டுக்கு வந்த பிறகு நம் விரல் தினமும் தொடுவது அந்தக் குமிழைத்தான்.

வானொலி அறிவிப்பாளரான எனக்குப் பிழைப்பே குமிழ்களோடுதான். கண் குறிப்பைப் படித்துக்கொண்டிருக்கும். காது நேயரின் அழைப்பில் இருக்கும். அந்த நேரத்தில் ஹெட்போன் சத்தத்தைக் குறைக்க இடது கை தானாகப் போய்க் குமிழைப் பிடிக்கும். அதைக் கண்ணால் தேட வேண்டியிருந்தால் நேரலையில் பேச்சு தடுமாறிவிடும். கண்ணின் உதவி இல்லாமல் கை வேலை செய்ய வேண்டும். நல்ல குமிழுக்கு இலக்கணம் அதுதான்.

தோட்டத்து வானொலி

1929இல் ஜே.ஏ. ரஸல் போ தோட்டத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே கேமரன் மலைத் தேயிலையில் தமிழர்களின் உழைப்பு கலந்திருக்கிறது. பிரிஞ்சாங் பக்கம் நேயர்களைச் சந்திக்கச் சென்றபோது, முதலில் கையாலும் பிறகு கத்தரியாலும் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டியின் வீட்டுக்குப் போனேன். காலையில் தமிழ் வானொலி கேட்காமல் அவருக்குப் பொழுது விடியாது. ஆனால் வானொலியின் சத்தக் குமிழ் உடைந்து, உள்ளே இருந்த தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு குறடு. பேரன் வேலைக்குப் போகும் முன் அந்தக் குறடால் தண்டைத் திருகி வைத்துவிட்டுப் போவான். மாலை அவன் திரும்பும் வரை அதே சத்தம்தான்.

கைப்பேசியில் வானொலிச் செயலியைப் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது ஒத்துவரவில்லை. விரல் நுனி காய்ப்பேறி வறண்டிருந்தால் தொடுதிரை பல நேரம் அதை உணராது. பல வருடம் உழைத்த கையை அந்தக் கண்ணாடிக்கு அடையாளம் தெரியவில்லை.

"சத்தம் கூடவா குறையவாங்கிறது எனக்குப் பெரிசு இல்ல தம்பி. நானே திருப்பணும். ஒவ்வொண்ணுக்கும் புள்ளைங்களைக் கூப்பிட முடியுமா?" என்றார் பாட்டி.

தண்டை அளந்து, படம் எடுத்துக்கொண்டு இறங்கினேன். கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் மின்னணு உதிரிப் பாகங்கள் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே ஒரு குமிழை வாங்கி அனுப்பினேன். விலை சில ரிங்கிட்தான். பேரன் மாட்டிக் கொடுத்தான். குறடு சமையலறை இழுப்பறைக்குப் போய்விட்டதாகச் சொன்னான்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

முதலில் தண்டு. அதன் குறுக்களவு பொதுவாக 6 மில்லிமீட்டராகவோ கால் அங்குலமாகவோ, அதாவது 6.35 மில்லிமீட்டராகவோ இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் 6 மி.மீ. குமிழ் கால் அங்குலத் தண்டில் ஏறாது. கால் அங்குலக் குமிழ் 6 மி.மீ. தண்டில் ஆடும். வடிவமும் முக்கியம். உருண்டைத் தண்டுக்குப் பக்கவாட்டில் திருகாணி உள்ள குமிழ் வேண்டும். ஒரு பக்கம் தட்டையாகச் சீவிய தண்டுக்கும், பல் பல்லாக வரி போட்ட தண்டுக்கும் அதனதன் குமிழ்தான் சேரும். பல்வரிகளின் எண்ணிக்கையும் கருவிக்குக் கருவி மாறும். பழைய குமிழின் உடைந்த துண்டு இருந்தால் தூக்கி எறியாமல் கடைக்குக் கொண்டுபோங்கள்.

அடுத்தது பருமன். 12 மி.மீ. குறுக்களவுள்ள சின்னக் குமிழின் விளிம்பில் விரல் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தால் குமிழ் ஏறக்குறைய 9.5 பாகை சுழலும். 30 மி.மீ. குமிழில் அதே ஒரு மில்லிமீட்டருக்கு 4 பாகைகூடச் சுழலாது. பெரிய குமிழில் நுணுக்கம் கூடும். கைநடுக்கம் உள்ளவருக்கு அது பேருதவி. மலைச்சரிவு எஃப்எம் அலையை மறைக்கும் இடங்களில் நிலையத்தைப் பிடிக்கவும் பெரிய குமிழே வசதி. ஆனால் பக்கத்துக் குமிழில் விரல் இடிக்காத அளவு இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது, பிடி. பளபளவென்று வழவழப்பான உலோகக் குமிழ் கடையில் அழகாக இருக்கும்; ஈரக் கையில் வழுக்கும். ஓரத்தில் வரிவரியாகப் பள்ளம் இருந்தால் நல்லது. கறுப்புக் குமிழில் வெள்ளைக் கோடு இருந்தால் மங்கிய பார்வைக்கும் தெரியும். அந்தக் கோடு விரலுக்குத் தட்டுப்படும்படி இருந்தால் இன்னும் நல்லது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. வீட்டு மின்சாரத்தில் ஓடும் பழைய வால்வு வானொலிகள் சிலவற்றில் உள்ளே இருக்கும் உலோகச் சட்டத்திலேயே மின்சாரம் பாயும். அவற்றுக்கு உலோகக் குமிழ் ஆகாது. பிளாஸ்டிக் குமிழிலும் திருகாணி வெளியே தெரியாமல் உள்ளே அடங்கியிருக்க வேண்டும்.

திருப்பும்போது கரகரவென்று சத்தம் வந்தால் குமிழைக் குறை சொல்லாதீர்கள். உள்ளே இருக்கும் மின்தடையில் தூசும் ஈரமும் சேர்ந்திருக்கலாம். குளிரும் பனிமூட்டமும் நிறைந்த மலையில் இது சகஜம். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, அதற்கென்றே விற்கும் தெளிப்பானால் துடைக்கலாம். தேங்காய் எண்ணெய் விடும் வைத்தியம் வேண்டாம். அதில் தூசு இன்னும் ஒட்டும்.

கைக்குத் தெரியும் வடிவம்

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானங்களை ஓட்டியவர்கள், தரையிறங்கிய பிறகு இறக்கைத் தட்டுகளை மடக்குவதாக நினைத்துச் சக்கரங்களை மடக்கிவிட்டார்கள். பல விமானங்கள் வயிற்றால் தரையில் தேய்த்து நின்றன. உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் 1943இல் காரணத்தைக் கண்டுபிடித்தார். இரண்டு வேலைகளுக்கும் ஒரே மாதிரி விசைகள், அதுவும் அருகருகே இருந்தன. சக்கர விசைக்குச் சின்னச் சக்கரம் போன்ற பிடியையும், இறக்கை விசைக்கு ஆப்பு வடிவப் பிடியையும் மாட்டினார்கள். கைக்கு வித்தியாசம் தெரிந்தது, குழப்பம் தீர்ந்தது. இன்றைய விமானங்களிலும் சக்கரத்துக்கான பிடி சக்கர வடிவில்தான் இருக்கிறது.

நமக்குப் பக்கத்துக் கடலிலும் ஒரு பாடம் நடந்தது. 2017 ஆகஸ்ட் 21 அன்று, சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிய அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன் ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் இறந்தார்கள். போதாத பயிற்சியும் கண்காணிப்பும் முக்கியக் காரணங்கள். அதோடு, கப்பலைச் செலுத்தும் தொடுதிரையின் அமைப்பும் தவறு நேரும் வாய்ப்பைக் கூட்டியது என்று விசாரணை சொன்னது. 2019இல் அந்நாட்டுக் கடற்படை, வேகத்தைக் கட்டுப்படுத்தக் கையால் பிடித்துத் தள்ளும் விசைகளுக்கே திரும்புவதாக அறிவித்தது.

நம் கோயில் திருவிழாவில் உயிர் போகாது, மானம் போகும். நாதஸ்வரம் உச்சத்தில் இருக்கும்போது ஒலிபெருக்கி 'கீ...' என்று அலறும். இருட்டில் ஒரே மாதிரியான எட்டுக் குமிழ்களைத் தடவிக்கொண்டிருப்பார் பையன். மொத்தச் சத்தத்துக்கான குமிழை மட்டும் பெரிதாக, வேறு வடிவத்தில் மாற்றிப் பாருங்கள். அடுத்த திருவிழாவில் கை நேராக அங்கே போகும்.

இனி வீட்டுக்கு எந்தக் கருவி வாங்கினாலும், கடையில் ஒரு சோதனை செய்யுங்கள். கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். தாத்தாவுக்கோ பாட்டிக்கோ வாங்குவதாக இருந்தால் அவர்களையும் கடைக்கு அழைத்துப் போங்கள். பணம் கொடுப்பது நீங்களாக இருக்கட்டும். முதலில் திருகிப் பார்ப்பது அவர்கள் கையாக இருக்கட்டும்.