எவுசேபியோ யாருடைய மகன்?

மொசாம்பிக் நாட்டின் தலைநகராகிய மாப்புட்டோ, போர்ச்சுக்கீசியர் ஆண்ட நாட்களில் லொரென்சோ மார்க்கஸ் என வழங்கியது. வெள்ளையர் வாழ்ந்த பகுதி சிமெண்டுக் கட்டடங்களால் ஆனது. அதைச் சூழ்ந்திருந்த கறுப்பர் குடியிருப்புகளோ பலகையாலும் தகரத்தாலும் ஆனவை. அத்தகைய குடியிருப்புகளுள் ஒன்றாகிய மபலாலாவில் 1942 ஜனவரி 25-ஆம் நாள் பிறந்தவரே எவுசேபியோ. திருச்சபை வரலாறு எழுதிய ஆயர் எவுசேபியுசின் பெயரைத் தாங்கிய இவர் எழுதிய வரலாறு ஏட்டில் அன்று, புல்தரையில்!

தந்தை லவுரிந்தோ அங்கோலாவிலிருந்து வந்த வெள்ளையர், இரயில்வேத் தொழிலாளி. தாய் எலிசா மொசாம்பிக்கின் கறுப்பினப் பெண்மணி. மகனுக்கு எட்டு வயதாகையில் தந்தை வில்வாத நோயால் இறந்தார். கைம்பெண்ணான தாய் தனியொருவராய்க் குடும்பத்தைக் காத்தார். பையனுக்கோ பள்ளியைவிடத் தெருவே பெரிதாயிற்று. பந்து வாங்கக் காசேது? பழைய காலுறைக்குள் கந்தலையும் செய்தித்தாளையும் திணித்துக் கட்டிய உருண்டைதான் பந்து, ஆடியது வெறுங்காலுடன்.

லிஸ்பன் நகரின் பென்பிகா கழகத்திற்கு லொரென்சோ மார்க்கசில் ஒரு கிளைக் கழகம் இருந்தது. பையன் முதலில் அங்கேதான் சென்றான், சேர்த்துக்கொள்ளவில்லை. பென்பிகாவின் பரம எதிரியான ஸ்போர்ட்டிங் கழகத்தின் கிளை அவனை ஏற்றது. பின்னர் நேர்ந்த வழக்குக்கு வித்து இதுவே. பவுயர் என்ற பிரேசில் நாட்டுப் பயிற்சியாளர் இவன் ஆட்டத்தைக் கண்டு வியந்து, லிஸ்பனில் ஒரு முடிதிருத்தும் கடையில் பென்பிகாவின் பயிற்சியாளர் பேலா குட்மனைச் சந்தித்தபோது செய்தியைச் சொன்னார். உலகப் புகழ் பெற்ற வாழ்வொன்று நாவிதர் கடைப் பேச்சில் தொடங்கியது விந்தையன்றோ!

ஸ்போர்ட்டிங் கழகம் பையனைச் சம்பளமின்றிப் பழக அழைத்ததாகவும், பென்பிகாவோ தம் தாயையும் அண்ணனையும் நேரில் கண்டு பேசியதாகவும், தாயே ஒப்பந்தத்தில் கையொப்பமிட்டுப் பணத்தைப் பெற்றதாகவும் எவுசேபியோ பின்னாளில் கூறினார். 1960 டிசம்பரில் லிஸ்பன் சேர்ந்த அவ்விளைஞரை எதிர்க்கழகத்தார் கவர்ந்து சென்றுவிடுவரோ என்ற அச்சம் பென்பிகாவுக்கு. ‘ரூத்’ என்னும் பெண் பெயரைக் குறிச்சொல்லாக வைத்துச் செய்தி அனுப்பினர்; தென்கடற்கரை விடுதி ஒன்றில் சில நாட்கள் ஒளித்தும் வைத்தனர். பதினெட்டு வயதுப் பிள்ளை, அந்நிய நாடு, குளிர்காலம்! இவற்றை வேடிக்கைக் கதையாகவே எழுதிச் செல்கின்றனர். அப்பிள்ளையின் மனநிலையை எண்ணிப் பார்ப்பார் சிலரே.

எனினும் அவர் முற்றிலும் அநாதையாகச் செல்லவில்லை. மொசாம்பிக்கில் பிறந்த மாரியோ கொலுனா 1954 முதல் பென்பிகாவில் ஆடிவந்தார். எவுசேபியோவைவிட ஆறு வயது மூத்தவர். அவருக்கு எலிசா அம்மையார், ‘என் மகனைப் பார்த்துக்கொள்க’ என்று வேண்டிக் கடிதம் கொடுத்தனுப்பினார். பிள்ளையை முதன்முறையாகத் தொலைதூரம் அனுப்பும் தாய்மார் நம் இல்லங்களிலும் இதனைத்தானே செய்கின்றனர்? பையில் நான்கு உடுப்பு, அவ்வூரிலுள்ள உறவினர் ஒருவருக்குக் கடிதம். கொலுனா அப்பொறுப்பைத் தந்தையைப்போல் ஏற்றார். எவுசேபியோவும் புகழின் உச்சியை அடைந்த பின்னரும் அவரை ‘திரு. கொலுனா’ என்றே மரியாதையுடன் அழைத்துவந்தார்.

ஆட்டத்தின் பெருமையைச் சொல்லத் தொடங்கினால் ஏடு போதாது. 1962 மே 2-ஆம் நாள் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினின் ரியல் மாட்ரிட் முதலில் 2-0 என முந்தியது. கொலுனா அடித்த கோலால் ஆட்டம் 3-3 எனச் சமனாயிற்று. அடுத்த இரு கோல்களையும் இருபது வயது எவுசேபியோ அடிக்க, பென்பிகா 5-3 என வென்றது. 1965-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்குரிய தங்கப் பந்து அவருக்குக் கிடைத்தது.

1966-இல் இங்கிலாந்தில் நடந்த உலகக் கோப்பையில் போர்ச்சுகல் அணிக்கு ஆடியவர்களுள் எவுசேபியோ, கொலுனா, இலாரியோ, விசென்தே ஆகிய நால்வரும் மொசாம்பிக்கில் பிறந்தவர்கள், அணித்தலைவரும் கொலுனாவே. லிவர்பூலில் ஜூலை 23 அன்று வடகொரியா அரைமணி நேரத்திற்குள் மூன்று கோல்கள் போட்டுவிட, அரங்கமே திகைத்தது. பின்னர் எவுசேபியோ ஒருவரே நான்கு கோல்கள் அடித்தார். நம் கருத்தில் அந்நான்கினும் சிறந்தது, கோல் விழுந்தவுடன் கொண்டாட நில்லாமல் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக்கொண்டு நடுக்கோட்டை நோக்கி அவர் ஓடிய ஓட்டமே. ஆட்டம் 5-3 என முடிந்தது. அரையிறுதியில் இங்கிலாந்திடம் 2-1 எனத் தோற்றுக் கண்ணீர் வடித்தவாறு வெளியேறினார். அப்போட்டியில் மொத்தம் 9 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர் அவரே.

அவர் அழுதது போர்ச்சுகலின் உடையில். அதே ஆண்டுகளில் அவர் பிறந்த மண்ணில் போர் நடந்துகொண்டிருந்தது. 1964 செப்டம்பரில் மொசாம்பிக் விடுதலைப் போராளிகள் ஆயுதம் ஏந்தினர். சர்வாதிகாரி சலாசாரின் அரசோ, அவை குடியேற்ற நாடுகள் அல்ல, ‘கடல்கடந்த மாநிலங்கள்’ என்று உலகிற்குச் சாதித்தது. 1961 டிசம்பர் வரையில் கோவாவைப் பற்றியும் அவர்கள் இவ்வாறே சாதித்ததை நாம் அறிவோம். கறுப்பரும் வெள்ளையரும் ஒரே குடும்பம் எனக் காட்ட எவுசேபியோவைவிட அழகிய சான்று அவ்வரசுக்கு ஏது? இத்தாலியக் கழகங்கள் பெருந்தொகை தர முன்வந்தபோது, சலாசாரே தம்மை வெளிநாடு செல்லவிடாமல் தடுத்தார் என எவுசேபியோ பின்னாளில் கூறியதுண்டு. மனிதரை நாட்டுடைமை ஆக்குவது அவர்களுக்குப் பெருமையாகத் தோன்றியிருக்கலாம். நமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

அவர் ஏன் வாய்திறந்து எதிர்க்கவில்லை என்று கேட்போர் உண்டு. இரகசியப் போலீசார் உலவிய நாட்டில் வாழ்ந்த ஒரு பந்தாட்டக்காரரிடம், பாதுகாப்பான இடத்தில் இருந்துகொண்டு வீரம் எதிர்பார்ப்பது எளிது. அவரது நற்பண்பு வேறு வகையில் வெளிப்பட்டது. 1968-இல் வெம்பிளியில் மான்செஸ்டர் யுனைடெட்டுடன் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டம் 1-1 என இருந்தது. நேரம் முடியும் தறுவாயில், வெற்றியே தரக்கூடிய அவரது உதையை எதிரணிக் கோல்காப்பாளர் ஸ்டெப்னி மார்போடு தழுவிப் பிடித்துவிட்டார். எவுசேபியோ நின்று கைதட்டிப் பாராட்டினார். கூடுதல் நேரத்தில் அவர் அணி தோற்றது.

பென்பிகாவுடன் 11 முறை போர்ச்சுகல் லீக் பட்டம் வென்றார். எதிரிகளின் உதைகளுக்கு இலக்கான இடது முழங்காலில் ஆறு முறை அறுவை நடந்ததாகக் கூறுவர். ஊசியின் துணையால் ஆடிய நாட்களும் பல. 1975-இல் பென்பிகாவை விட்டு அமெரிக்கா, கனடா எனச் சுற்றினார். அதே ஆண்டு ஜூன் 25-ஆம் நாள் மொசாம்பிக் விடுதலை பெற்றது. சுதந்திர நாட்டின் கொடியேறியபோது அதன் மிகப் புகழ்பெற்ற மகன் முப்பத்துமூன்று வயதில், தேய்ந்த முழங்காலுடன், வேற்று நாட்டில் பிழைப்புக்காக ஆடிக்கொண்டிருந்தார்.

அவர் இறுதிவரை லிஸ்பனிலேயே வாழ்ந்தார். கொலுனாவோ தாயகம் திரும்பி, மொசாம்பிக் கால்பந்துச் சம்மேளனத்தின் தலைவராகவும் பணியாற்றினார். ஒருவர் தங்கினார், ஒருவர் திரும்பினார். இவருள் எவர் தம் மண்ணுக்கு உண்மையானவர் எனத் தீர்ப்பிட நாம் துணியோம்.

2014 ஜனவரி 5-ஆம் நாள் எவுசேபியோ மாரடைப்பால் காலமானார். போர்ச்சுகல் மூன்று நாள் துக்கம் அனுசரித்தது. அவரது விருப்பப்படி உடல் பென்பிகா அரங்கைச் சுற்றிக் கொண்டுவரப்பட்டது. 2015 ஜூலையில் அரசு அவரது உடலை, தேசப் பெரியோர் துயிலும் லிஸ்பன் பான்தியோனுக்கு மாற்றியது. கால்பந்தாட்டக்காரர் ஒருவர் அங்கு வைக்கப்பட்டது அதுவே முதன்முறை. எலிசா அம்மையாரின் கடிதத்தைப் பெற்ற கொலுனா அதனைக் காண உயிருடன் இல்லை. எவுசேபியோ இறந்த 51-ஆம் நாள், 2014 பிப்ரவரி 25 அன்று, அவர் மாப்புட்டோவில் கண்மூடினார்.