மூன்று புரிக் கயிறும் ஒரு சதுரப் படமும்

ஆட்டுக்கால் சூப் மிச்சமிருந்தால் மறுநாள் காலையில் பாத்திரத்தைத் திறந்து பாருங்கள். தளதளவென்று உறைந்து கிடக்கும். அடுப்பில் வைத்தால் மறுபடி நீராகிவிடும். சூப்பை இப்படி உறைய வைப்பது ஜெலட்டின். மாத்திரைக் கூடுகள் செய்யப் பயன்படுவதும் இதுதான்.

ஜெலட்டின் கொலாஜன் என்ற புரதத்திலிருந்து வருகிறது. தோல், எலும்பு, தசைநாண் எல்லாவற்றிலும் இருப்பது கொலாஜன். நம் உடம்பிலுள்ள புரதத்தில் கால் பங்குக்கு மேல் இதுவே. உடம்பு குலைந்துபோகாமல் கட்டிவைத்திருக்கும் கயிறு என்று இதைச் சொல்லலாம்.

கயிறு என்பது வெறும் உவமையல்ல. கொலாஜனின் வடிவமே கயிறுதான். அதை முதலில் எடுத்துக் காட்டியவர்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தில் வேலை செய்த இரண்டு பேர்.

காங்கரு வால்

பேராசிரியர் ஜி. என். ராமச்சந்திரன் 1922-ல் எர்ணாகுளத்தில் பிறந்தவர். திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியில் பௌதிகம் படித்தார். 1942-ல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு வந்தார். சேர்ந்தது மின் பொறியியல் துறை. ஆனால் சர் சி. வி. ராமன் அவரைத் தம்முடைய பௌதிகத் துறைக்கு இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜ் சென்று திரும்பினார். 1952-ல், முப்பது வயதுக்குள்ளாகவே, சென்னைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத் துறையின் தலைவரானார்.

அப்போது கொலாஜனின் வடிவம் ஒரு புதிராக இருந்தது. புரதங்களின் வடிவங்களைக் கண்டுபிடிப்பதில் உலகப் புகழ்பெற்ற லைனஸ் பாலிங் 1951-ல் சொன்ன அமைப்பும் சரியாக வரவில்லை. ராமச்சந்திரன் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து காங்கரு வாலின் தசைநாணை வாங்கி, அதன் வழியே எக்ஸ்-ரே செலுத்திப் படமெடுத்தார். உடன் உழைத்தவர் கோபிநாத் கர்த்தா. 1954-ல் 'நேச்சர்' இதழில் அவர்களுடைய முடிவு வெளிவந்தது: கொலாஜன் மூன்று இழைகள் சேர்ந்த அமைப்பு. அடுத்த ஆண்டு அதையே திருத்தி, மூன்றும் ஒன்றையொன்று சுற்றிப் பின்னியிருக்கின்றன என்று காட்டினார்கள்.

கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். ஒவ்வொரு புரியையும் ஒரு பக்கமாக முறுக்குவார்கள். மூன்று புரிகளையும் சேர்க்கும்போது எதிர்ப்பக்கமாக முறுக்குவார்கள். அதனால் கயிறு பிரிவதில்லை. கொலாஜனிலும் இழைகள் இடப்புறமாகத் திரும்பி, மூன்றும் சேரும்போது வலப்புறமாகச் சுற்றுகின்றன. கொதிக்க வைத்தால் புரிகள் பிரிந்துவிடுகின்றன. அதுதான் ஜெலட்டின்.

மூன்று இழைகள் நெருங்கிச் சேர வேண்டுமானால் நடுவில் இடம் மிகக் குறைவு. அந்த இடத்தில் அமினோ அமிலங்களிலேயே மிகச் சிறியதான கிளைசின் மட்டும்தான் அடங்கும். ஆகவே ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் இருக்கிறது. பரம்பரையில் ஒரே ஓர் இடம் தவறி, கிளைசினுக்குப் பதில் பெரியதொன்று வந்து உட்கார்ந்தால்கூட எலும்பு சின்ன அடிக்கும் முறியும் நோய் வரக்கூடும். வைட்டமின் சி குறைந்தால் புரிகள் உறுதியாகப் பிணைவதில்லை. ஈறுகளில் ரத்தம் கசிகிறது. ஒரு குழந்தையின் எலும்பும் ஒரு மாலுமியின் ஈறும் இந்தக் கயிற்றின் முறுக்கைப் பொறுத்தவை.

மறுப்பும் பதிலும்

1955-ல் கேம்பிரிட்ஜிலிருந்து, உலகமெங்குமுள்ள ஆராய்ச்சியாளர்கள் செவிசாய்க்கும் ஒரு பெயரிலிருந்து மறுப்பு வந்தது. டி.என்.ஏ.யின் வடிவத்தைக் கண்ட பிரான்சிஸ் கிரிக்கும், அலெக்ஸாண்டர் ரிச்சும் சென்னை அமைப்பில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருங்கியிருக்கின்றன என்றார்கள். தங்கள் திருத்தத்தையும் வெளியிட்டார்கள். மூன்று புரி என்ற அடிப்படை நிலைத்தது. இழைகளைப் பிணைக்கும் விவரத்தில் அவர்களுடைய திருத்தமே பின்னாளில் பெரும்பாலும் ஏற்கப்பட்டது.

வேறொருவராயிருந்தால் பத்திரிகையில் சண்டை போட்டு ஓய்ந்திருப்பார். ராமச்சந்திரன் ஓர் அடிப்படைக் கேள்வி கேட்டார். இரண்டு அணுக்கள் எவ்வளவு தூரம்தான் நெருங்கலாம்? அதுவரை வெளிவந்திருந்த படிக அமைப்புகளையெல்லாம் அவருடைய குழுவினர் அலசி, அணுக்களின் இடைவெளிகளைக் கணக்கெடுத்தார்கள். பேரேட்டைப் புரட்டிப் பதிவுகளை ஒப்பிடும் வேலை போன்றது அது. அலுப்பான வேலை, ஆனால் அஸ்திவாரம்.

புரத இழை என்பது தட்டையான அட்டைகளைக் கோத்த சங்கிலி போன்றது. ஒவ்வொரு கணுவிலும் இரண்டு கோணங்களில்தான் அது திரும்ப முடியும். ஒரு கோணத்தைக் குறுக்காகவும் மற்றதை நெடுக்காகவும் வைத்து ஒரு சதுரம் வரைந்தால், எல்லாத் திருப்பங்களும் அதற்குள் அடங்கிவிடும். அணுக்கள் இடித்துக்கொள்ளும் இடங்களை அடித்துவிட்டுப் பார்த்தார்கள். சதுரத்தில் முக்கால் பங்குக்கு மேல் போய்விட்டது. மிஞ்சியவை சில தீவுகள். புரதங்கள் அந்தத் தீவுகளில்தான் வாழ முடியும்.

ராமச்சந்திரன், சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் மூவரும் இதை 1963-ல் வெளியிட்டார்கள். 'ராமச்சந்திரன் வரைபடம்' என்று உலகமெங்கும் பாடப்புத்தகங்களில் இருப்பது இதுதான். இன்றும் ஒரு புரதத்தின் அமைப்பைக் கண்டதாக யாராவது சொன்னால், அதை இந்தப் படத்தில் வைத்துச் சோதிக்கிறார்கள். கணுக்கள் தீவுகளுக்கு வெளியே பல விழுந்தால் எங்கோ பிழை என்று பொருள்.

பெங்களூரில்

எழுபதுகளின் தொடக்கத்தில் ராமச்சந்திரன் பெங்களூருக்கே திரும்பி, விஞ்ஞானக் கழகத்தில் மூலக்கூறு உயிர் பௌதிகத் துறையை உருவாக்கினார். 1971-ல் ஏ. வி. லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து, பல திசைகளில் எடுத்த எக்ஸ்-ரே நிழல்களிலிருந்து உள்ளுருவத்தைத் திரும்பக் கட்டும் கணக்கு முறை ஒன்றை வெளியிட்டார். ஆஸ்பத்திரிகளில் எடுக்கும் சி.டி. ஸ்கானுக்கு அத்தகைய கணக்குகள்தான் ஆதாரம்.

1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கிக்கொண்டது. நோபல் பரிசு வரவில்லை. 2001-ல் சென்னையில் காலமானார்.

மல்லேசுவரத்திலிருந்து யஷ்வந்தபுரம் போகும் நம்மவர்கள் பலர் டாடா இன்ஸ்டிடியூட் மரங்களைப் பஸ் ஜன்னலில் பார்த்தபடி கடந்து போகிறோம். வீட்டில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளை இருந்தால் புரதப் பாடத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அந்தச் சதுரப் படம் அங்கே இருக்கும். அது ஒரு மறுப்புக்குக் கொடுத்த பதில் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.