வீடு கட்டும் பணம் ஊரில் தங்கட்டும்

ஒரு வீடு எழும்பும்போது மேசனுக்கு மட்டும் வேலை கிடைப்பதில்லை. கல் அரிபவர், மணல் ஏற்றுபவர், கதவு, யன்னல் செய்பவர் எனப் பல வீடுகளின் அடுப்பு அதனால் எரிகின்றது. இத்தகைய சிறு தொழில்களே கட்டட வேலைக்குக் கைகொடுக்கின்றன.

இந்திய வீடமைப்புத் திட்டத்தின் கீழ் வடக்குக் கிழக்குக்கு 46,000 வீடுகள் ஒதுக்கப்பட்டன. 2012 முதல் புதிய வீட்டுக்கு 550,000 ரூபா கட்டம் கட்டமாக வழங்கப்பட்டது. பெரும்பாலானோர் தாமே முன்னின்று கட்டியதால், கல்லை எங்கே வாங்குவது என்பதை வீட்டுக்காரரே தீர்மானித்தனர். அந்நாட்களில்தான் கிளிநொச்சியில் நாங்கள் நான்கு பெண்கள் சேர்ந்து சீமெந்துக் கல் அரியத் தொடங்கினோம். எம்மில் மூவர் குடும்பத் தலைவிகள்.

"பெண்கள் அரிந்த கல் பாரம் தாங்குமோ?" என்று கேட்டார்கள். கல்லின் பலம் ஆணிலோ பெண்ணிலோ இல்லை. கலவையிலும் தண்ணீரிலும் இருக்கின்றது. அரிந்த கல்லைக் குறைந்தது 7 நாட்கள் நிழலில் வைத்து நனைக்க வேண்டும். சீமெந்தைக் குறைத்து வெயிலில் காயவிட்டால், ஏற்றி இறக்கும்போதே மூலை உடைந்துவிடும். நல்ல கல் என்று மேசன்மார் சொன்ன பின்னர் ஓடர்கள் தாமாக வந்தன.

எம்மை வாட்டியது கடன்தான். 2021 இறுதியில் ஓர் ஒப்பந்தகாரர், "பில் பாஸானதும் காசு" என்று 1,500 கற்களை ஏற்றிச் சென்றார். பல மாதங்கள் அலைந்தோம். கூலி கொடுக்க ஒரு தோழி தன் தோட்டை அடகு வைத்தார். 2021 தொடக்கத்தில் ஏறத்தாழ 1,000 ரூபாவாக இருந்த சீமெந்துப் பை, 2022இல் 3,000 ரூபாவைத் தாண்டியது. பணம் கைக்கு வந்தபோது, அதைக் கொண்டு முன்பு வாங்கிய சீமெந்தில் பாதியைக்கூட வாங்க முடியவில்லை.

இன்று எமது ஒழுங்கு இதுதான்: பாதிப் பணம் முற்பணம், மீதி, கல் இறக்கும் இடத்தில். எண்ணிக்கையை எழுதிக் கையொப்பம் வாங்குவோம். சீமெந்து விலை ஏறினால் கல்லின் விலையும் ஏறும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுவோம்.

சகோதரிகளே, இத்தொழிலில் இறங்குவதாயின் பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயரைப் பதிவு செய்யுங்கள். வரவு செலவை அன்றன்றே எழுதுங்கள். கிராம அபிவிருத்திச் சங்கமும் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் சிறு கட்டட வேலைகளைப் பொறுப்பேற்கும்போது, கல்லும் கதவும் ஊரிலேயே வாங்கப்பட வேண்டும் எனக் கூட்டத்தில் கேளுங்கள். வெளியூர் லொறியில் கல் வந்தால், பணமும் அதே லொறியில் போய்விடும். ஊரில் அரிந்த கல்லுக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாவும் எங்கள் பிள்ளைகளின் கொப்பிக்கும் சோற்றுக்கும் ஆகும்.