மூச்சு வாங்க வரும் விரால்!

மீன் தண்ணீரில் மூழ்கிச் சாகுமா?

கேட்டால் சிரிப்புத்தான் வரும். ஆனால் பொதட்டூர்பேட்டைப் பக்கத்து ஏரிக்கரைகளில் தூண்டில் போடுகிறவர்கள் சிரிக்க மாட்டார்கள். "விரால் சாகும்" என்பார்கள். வலையில் சிக்கி, மேலே வர வழியில்லாமல் நீருக்குள்ளேயே கிடந்த விரால், மூச்சு முட்டி விறைத்துப் போவதை அவர்கள் கண்ணால் கண்டவர்கள்.

விராலுக்குச் செவுள் மட்டும் போதாது. செவுளுக்கு மேலே, தலைக்குள், காற்றை வாங்கி வைத்துக்கொள்ள ஓர் அறை இருக்கிறது. ஆகவே அது அடிக்கடி நீர்மட்டத்துக்கு வந்து, ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டுப் போக வேண்டும். கோடையில் ஏரி வற்றிக் கட்லாவும் ரோகுவும் மல்லாந்துவிட்ட பிறகும், ஈரச் சேற்றுக்குள் புதைந்து விரால் உயிரோடு கிடக்கும். மழைக்காலத்தில் கலங்கல் ஓரத்துப் புல்லில் நெளிந்து நெளிந்து அடுத்த குட்டைக்குக் குடிபோவதும் உண்டு. எல்லாம் இந்த மூச்சின் மகிமை!

விராலுக்கு உயிர் தரும் இந்த மூச்சேதான் தூண்டில்காரருக்குத் துப்பும் கொடுக்கிறது.

தறிக்கு ஓய்வு, தூண்டிலுக்கு வேலை

பொதட்டூர்பேட்டை நெசவாளர் ஊர். திருவள்ளூர் மாவட்டம் பள்ளிப்பட்டு தாலுகாவில், ஆந்திர எல்லையை ஒட்டி இருக்கிறது. தெருவில் நுழைந்தால் முதலில் காதில் விழுவது விசைத்தறிச் சத்தம்தான். 1960 ஏப்ரல் 1ஆம் தேதி திருத்தணி வட்டாரம் ஆந்திராவிலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது அல்லவா? அப்போது இந்தப் பகுதியும் சேர்ந்து வந்தது. ராஜ்யம் மாறினாலும் எல்லையோரச் சந்தையில் இந்த மீனுக்கு இன்றும் இரண்டு பெயர்கள். தமிழில் விரால், தெலுங்கில் கொர்ரமீனு.

இந்தத் தாலுகாவின் வழியாக ஓடும் கொசஸ்தலை ஆறு, 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கத்தை நிரப்பிவிட்டு எண்ணூரில் கடலைச் சேர்கிறது. வருஷத்தில் பெரும்பகுதி மணல்தான். வடகிழக்குப் பருவமழை கொட்டினால் தரைப்பாலங்கள் முழுகிவிடும். ஆற்றில் வெள்ளம், ஏரியில் தண்ணீர், தறிக்கு விடுமுறை — மூன்றும் ஒன்றாகக் கூடினால் கரையில் ஆட்களுக்குச் சொல்லவா வேண்டும்!

கழி பழைய மூங்கில்தான். நரம்பு நைலான். அந்தக் காலத்தில் மயிலிறகுத் தண்டு செய்த வேலையை இப்போது கடைத் தக்கை செய்கிறது. கெண்டைக்கு மண்புழு போதும். விரால் துரைக்கு மட்டும் தனிச் சாப்பாடு, உயிருள்ள தவளை! முள்ளில் குத்திய சிறு தவளை நீர்மட்டத்தைத் தொட்டும் தொடாமலும் உதைத்துக்கொள்ளும்படி கழியைக் கரையில் நட்டுவிட்டுப் போவார்கள். ஆகாயத்தாமரைக்கு அடியில் அசையாமல் கிடக்கும் விரால், "பளார்" என்று ஓர் அடி அடிக்கும். உடனே இழுத்தால் தவளைதான் மிஞ்சும். விரால் முதலில் கவ்வும், பிறகு புரட்டும், அதன் பிறகே விழுங்கும். அதுவரை கை சும்மா இருக்க வேண்டும். இந்தப் பொறுமை வராமல் விரால் பிடிக்கக் கிளம்பியவர்கள் வீட்டில் அன்று கத்தரிக்காய்க் குழம்புதான்!

இளைஞர்கள் இப்போது சுழலும் ரீல், முறுக்கு நரம்பு, ரப்பர் தவளை என்று புதுச் சாமான்களோடு வருகிறார்கள். உள்ளே குடைவாக இருக்கும் ரப்பர் தவளையின் முதுகோடு முள் ஒட்டிக் கிடக்கும். பாசிக்கு மேலே இழுத்தால் எதிலும் மாட்டாது. விரால் கடித்தால் ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். நல்ல தந்திரம். தவளைக்கும் உயிர்ப் பிச்சை. தவளைக் கால் ஏற்றுமதியையே 1987-இல் நிறுத்திய நாடு இது. தூண்டில்காரரும் ஒரு தவளையை விட்டு வைத்தால் வயலுக்கு நல்லதுதான்.

ஏரியில் தூண்டில் போடுவது ஏழைகளின் பொழுதுபோக்கு என்று நினைக்க வேண்டாம். சென்னை ராஜதானியில் சிவில் சர்வீஸ் உத்தியோகம் பார்த்த எச். எஸ். தாமஸ் என்னும் வெள்ளைக்காரத் துரை, 1873-இல் இந்தியத் தூண்டில் வேட்டையைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அது போதாதென்று 1887-இல் ஏரி, குளத் தூண்டிலுக்கு என்றே இன்னொரு புத்தகம் எழுதினார்!

மேனாட்டு மஸ்கி

அமெரிக்காவிலும் கனடாவிலும் விராலைப் போலவே பதுங்கிப் பாயும் ஒரு மீன் உண்டு. மஸ்கெலஞ்ச் என்று பெயர், செல்லமாக மஸ்கி. ஐரோப்பாவிலும் பிரசித்தமான பைக் மீன் அதற்குத் தம்பி முறை. விராலுக்கு இவை உறவல்ல. இந்திய நீர்நிலைகளில் இவை இல்லவும் இல்லை. ஆனால் தொழில் ஒன்றுதான்: பாசிக்குள் கட்டைபோல் கிடப்பது, இரை வந்ததும் அம்பாய்ப் பாய்வது. மஸ்கியின் பல் நரம்பை அறுத்துவிடும் என்பதால் முள்ளுக்கு மேலே உருக்குக் கம்பி கோப்பார்கள். பத்தாயிரம் முறை வீசினால் ஒரு மஸ்கி என்று அங்கே பேச்சு! 1949 ஜூலையில் விஸ்கான்சின் ஏரி ஒன்றில் கால் ஜான்சன் என்பவர் பிடித்த மஸ்கி 67 பவுண்டு 8 அவுன்ஸ் இருந்தது. நம் கணக்கில் 30 கிலோவுக்கு மேல்!

இந்த மீனைத் தேடப் படகில் ஒரு மின்சாரக் கருவி வைத்திருக்கிறார்கள். 1950-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் லோரன்ஸ் குடும்பத்தார் சிறு படகுகளுக்கேற்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். படகின் அடியிலிருந்து ஒலி கிளம்பும். நல்ல தண்ணீரில் ஒலி வினாடிக்குச் சுமார் 1,480 மீட்டர் ஓடும். தரையிலும், மீன் வயிற்றுக் காற்றுப்பையிலும் மோதித் திரும்பிவர எடுத்த நேரத்தைக் கொண்டு, ஆழம் எவ்வளவு, மீன் எங்கே என்று கருவி காட்டிவிடும். 2018-இல் வந்த கருவியோ படகுக்கு முன்னால் நீந்தும் மீனைத் திரையில் அசையும் படமாகவே காட்டுகிறது. "இது வேட்டையா, சினிமாவா?" என்று அங்கே பெரிய சண்டை!

அந்தக் கருவியை பொதட்டூர்பேட்டை ஏரிக்குக் கொண்டு வந்தால் என்ன ஆகும்? ஒலி கூம்புபோல் விரிந்து இறங்குவது. 20 பாகைக் கூம்பு 30 அடி ஆழத்தில் பத்தடி வட்டத்தைப் பார்க்கும். மூன்றடித் தண்ணீரிலோ ஓரடி வட்டம்தான் தெரியும்! அதிலும் பாசியும் தாமரைத் தண்டும் எதிரொலித்துத் திரையை நிரப்பிவிடும். இங்குள்ளவர்களுக்கு அந்தச் செலவே வேண்டியதில்லை. மஸ்கி அடியிலேயே இருந்துகொண்டு ஆளை ஏய்க்கலாம். விராலால் முடியாது. மூச்சு வாங்க மேலே வந்துதான் ஆக வேண்டும். சிறு சுழிப்பு, இரண்டு குமிழி. அனுபவசாலிக்கு அது போதும். மீன் எந்தப் பக்கம் திரும்பிற்று என்று பார்த்து, அதற்கு ஒரு முழம் முன்னால் தவளையைப் போடுவார்.

செந்நிறக் குஞ்சுகள்

இந்தத் துப்பு விராலுக்கு வினையாக முடியும் காலம் ஒன்று உண்டு.

ஏரி நிரம்பியதும் விரால் ஜோடி பாசியை விலக்கி வட்டமாக இடம் செய்து முட்டையிடும். முட்டையில் எண்ணெய்த் துளி இருப்பதால் அது மிதக்கும். இரண்டொரு நாளில் பொரிந்துவிடும். செந்நிறக் குஞ்சுகள் ஆயிரக்கணக்கில் பந்துபோல் திரண்டு, நீர்மட்டத்தில் கொதிக்கிற உலைபோல் குமிழியிட்டுக்கொண்டே நகரும். குஞ்சும் வளர வளரக் காற்றைத் தேட வேண்டியதாயிற்றே! அதற்கு நேர் கீழே காவல் நிற்பது பெரும்பாலும் தகப்பன் மீன். தாயும் அருகிலேயே சுற்றும். பைக் மீனோ முட்டையைப் புல்லில் விட்டுவிட்டுத் திரும்பிப் பாராமல் போய்விடும்.

காவல் நிற்கும் விராலுக்கு அப்போது பசி பெரிதல்ல, கோபம்தான் பெரிது. குஞ்சுப் பந்தின் நடுவே எது விழுந்தாலும் சீறி அடிக்கும். ஆகவே வருஷத்திலேயே மிகச் சுலபமாகப் பெரிய விராலைப் பிடிக்கக்கூடிய நாட்கள் இவைதான். கற்றுக்குட்டியும் பிடித்துவிடுவான். பிடித்த பிறகு? காவல் இல்லாத குஞ்சுகளை மற்ற மீன்களும் தண்ணீர்ப் பாம்பும் கொக்கும் ஒரு கை பார்த்துவிடும். ஒரு கிலோ மீனுக்கு ஒரு வம்சமே விலை.

கட்லா, ரோகு போனால் ஏலம் எடுத்தவர் பண்ணையிலிருந்து குஞ்சு வாங்கி மறுபடி விடுவார். விராலுக்கு அந்தச் சலுகை அநேகமாகக் கிடையாது. விட்ட குஞ்சைத் தின்றுவிடும் திருடன் என்று, கெண்டை வளர்ப்பவர்கள் இலுப்பைப் பிண்ணாக்கைக் கரைத்து முதலில் தீர்த்துக்கட்டுவதே இதைத்தான். வேடிக்கை என்னவென்றால், சந்தையில் கெண்டையைவிட விராலுக்குத்தான் விலை அதிகம்!

அமெரிக்காவிலோ விரால் இனம் என்றாலே கிலி. சீனத்து விரால் ஒன்று மேரிலாந்து மாநிலக் குளத்தில் பெருகியது 2002-இல் தெரிந்ததும், குளத்தில் மருந்தைக் கலந்து மீன்களைக் கொன்றார்கள். உயிருள்ள விரால் இனம் எதையும் நாட்டுக்குள் கொண்டு வரக்கூடாது என்று சட்டமும் போட்டார்கள். அதே நாட்டில் மஸ்கிக்குக் கிடைக்கும் மரியாதை வேறு. 1966-இல் மினசோட்டாவில் மஸ்கிக்காகவே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிடித்த மஸ்கியை அளந்து, படம் எடுத்து, மறுபடி தண்ணீரில் விடுவது அங்கே வழக்கமாகிவிட்டது.

நம் கரையில் சங்கமும் இல்லை, படமும் இல்லை. குஞ்சுப் பந்தைக் கண்டு தவளையை ஓங்குகிற பையனைப் பக்கத்தில் நிற்கும் பெரியவர் அதட்டுவதோடு சரி. "டேய், அதப் புடிச்சிட்டா புள்ளைங்கள யாருடா பாத்துக்கிறது?" பையன் முகத்தைச் சுளிப்பான். பெரியவர் கழியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகுப் பக்கம் நடப்பார். அங்கே, குஞ்சு இல்லாத விரால் ஒன்று இப்போதுதான் மூச்சு வாங்கிவிட்டுப் போயிருக்கும். குமிழி இன்னும் உடையவில்லை.