உங்களுக்குத் தெரியுமா? – கேம் ஆடுவதே வேலையானால்…

தென்கொரியாவில் 'லீக் ஆஃப் லெஜண்ட்ஸ்' ஆடும் தொழில்முறை அணிகளுக்குப் பொழுது விடிவதே பதினொரு மணி வாக்கில்தான். எழுந்ததும் முதல் சாப்பாடே மதியச் சாப்பாடு. ஒரு மணி சுமாருக்குக் கணினி முன் உட்கார்ந்தால் வேறோர் அணியோடு பயிற்சி ஆட்டம், வழக்கமாக மூன்று கேம். ஒவ்வொன்றும் அரை மணி ஓடும். முடிந்த கையோடு பயிற்சியாளர் அதைத் திரையில் ஓடவிட்டு, "இந்த இடத்தில் ஏன் பின்வாங்கினாய்?" என்று குடைவார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் மூன்று கேம். பத்து மணிக்கு அது முடிந்தால் தனியாட்டம் ஆரம்பம். அதில் இணையத்தில் யார் மாட்டுகிறார்களோ அவர்களோடு நள்ளிரவு தாண்டியும் ஆட வேண்டும். "நாள் பூரா கேம் ஆடுறான், கொடுத்துவைத்தவன்" என்று பெருமூச்சு விடுகிறவர்கள் இந்த அட்டவணையை ஒரே ஒரு வாரம் பின்பற்றிப் பார்க்கலாம்.

*

அந்தப் பயிற்சி ஆட்டத்துக்கு 'ஸ்கிரிம்' என்று பெயர். யார் ஜெயித்தார்கள் என்பது வெளியே கசியக் கூடாது. இது எழுதாத சட்டம். அடுத்த வாரம் மேடையில் மோதப்போகிறவர்களேதான் இன்றைக்குப் பயிற்சித் துணை என்பதால் இதில் ஒரு சங்கடம் உண்டு. புது வித்தைகளை எல்லாம் காட்டிவிட்டால் எதிராளி உஷாராகிவிடுவான். ஒன்றையுமே காட்டாவிட்டால் அந்த வித்தை பலிக்குமா என்று தெரியாமலே மேடை ஏற வேண்டும். ஸ்கிரிமில் வெளுத்துக்கட்டிவிட்டு, அரங்கில் சுருண்டுவிடும் அணிகளும் ஏராளம். ரசிகர்கள் அவர்களைக் கேலி செய்தே ஒருவழி பண்ணிவிடுவார்கள்.

*

நிறைய நேரம் ஆடினால் நிறைய ஜெயிக்கலாம் என்ற கணக்குக்கு 2018-ல் வேட்டு வைத்தது ஷாங்காய் டிராகன்ஸ். அது 'ஓவர்வாட்ச்' என்ற சுடும் விளையாட்டுக்கான 'ஓவர்வாட்ச் லீக்'கின் முதல் சீசன். காலை பத்தரை முதல் இரவு பத்தரை வரை, வாரத்தில் ஆறு நாள் பயிற்சி என்று செய்திகள் வந்தன. ஆடிய ஆட்டங்கள் 40. தோற்றவையும் 40! அடுத்த சீசனின் முதல் இரண்டு ஆட்டங்களிலும் தோல்வி. 42-க்குப் பிறகுதான் சங்கிலி அறுந்தது. வீரர்களை மாற்றி, அணியைப் புதிதாகக் கட்டி, 2021-ல் அதே ஷாங்காய் டிராகன்ஸ் சாம்பியன் ஆனது தனிக் கதை.

அந்த முதல் சீசனின் நடுவில் அணியில் சேர்ந்தவர் கிம் சே-யான். 'கேகுரி' என்றால்தான் ரசிகர்களுக்குத் தெரியும். ஓவர்வாட்ச் லீக்கின் முதல் பெண் வீரர். இரண்டு ஆண்டு முன்பு, பள்ளி வயதில், அவருடைய குறி தப்பாத சுடுதலைப் பார்த்த எதிரணி வீரர்கள் இருவர், "ஏதோ மென்பொருள் வைத்து ஏமாற்றுகிறாள், இல்லையென்றால் நாங்கள் விலகிக்கொள்கிறோம்" என்று சவால்விட்டார்கள். கேகுரி ஒரு படப்பிடிப்பு அறையில் உட்கார்ந்து, கையையும் மவுஸையும் கேமரா நேரலையில் காட்ட, அதே துல்லியத்தோடு ஆடிக் காட்டினார். சவால்விட்டவர்கள் சொன்னபடி விலகினார்கள்.

*

அதே ஓவர்வாட்ச் லீக் வீரர்களுக்கு உறுதியளித்த குறைந்தபட்சச் சம்பளம்: ஆண்டுக்கு 50,000 டாலர். கூடவே மருத்துவக் காப்பீடு, சீசன் முழுவதும் தங்க வீடு.

*

வீடு என்றதும் பழைய 'ஸ்டார்கிராஃப்ட்' காலம் நினைவுக்கு வருகிறது. 1998-ல் வெளிவந்த அந்த விளையாட்டுதான் கொரியாவில் இந்தத் தொழிலையே உண்டாக்கியது. அப்போது பொருளாதார நெருக்கடி; வேலை இழந்தவர்கள், வேலை கிடைக்காத இளைஞர்கள் எல்லாரும் தெருவுக்குத் தெரு முளைத்த கணினி மையங்களில் மணிக்கணக்கில் உட்கார்ந்தார்கள். அங்கிருந்து கிளம்பியவர்களை வைத்துத்தான் அணிகள் உருவாயின. அடுக்குமாடியில் ஒரு வீடு வாடகைக்கு எடுப்பார்கள். ஓர் அறையில் வரிசையாகக் கணினிகள், மற்ற அறைகளில் அடுக்குக் கட்டில்கள். கட்டில் பெயர்பெற்ற வீரர்களுக்கு. புதிதாகச் சேர்ந்த பையன்களுக்குப் பெரும்பாலும் தரைதான். பாத்திரம் துலக்குவதும் துணி துவைப்பதும் அவர்கள் தலையில் விழும்.

கணினி முன்னால் அவர்கள் பாடு இன்னும் மோசம். அண்ணன் நாளை மறுநாள் யாரோடு மோதுகிறாரோ, அந்த எதிராளியைப் போலவே ஆட வேண்டும். அதே வரைபடம், அதே தொடக்கம், அதே நிமிடத்தில் அதே தாக்குதல். அண்ணனுக்குப் பதில் உத்தி பிடிபடும் வரை திரும்பத் திரும்ப அதேதான். தம்பிக்கென்று சொந்த பாணி வளர நேரம் ஏது? அண்ணன் ஜெயித்துவிட்டு டி.வி. பேட்டியில் "பயிற்சிக்கு உதவிய தம்பிக்கு நன்றி" என்று ஒரு வரி சொல்வார். பல பையன்களுக்கு அதுதான் சம்பளம். இந்த விளையாட்டின் வரலாறு எழுதப்படும்போதெல்லாம் கோப்பை தூக்கியவர்கள் பெயர்தான் வருகிறது. இந்தத் தம்பிகளுக்கு ஓர் அத்தியாயம் தனியாக ஒதுக்க வேண்டும் என்பது என் கட்சி.

*

தேர்ந்த ஸ்டார்கிராஃப்ட் வீரர் நிமிடத்துக்கு 300 முறைக்கு மேல் விசையையும் மவுஸையும் தட்டுவார். அதாவது கண் இமைக்கும் நொடிக்குள் ஐந்து கட்டளை.

*

2004 ஜூலை. பூசான் நகரின் குவாங்கல்லி கடற்கரை. மணலில் மேடை போட்டு ஸ்டார்கிராஃப்ட் அணிகளுக்கான லீக்கின் இறுதி ஆட்டம் நடந்தது. வந்த கூட்டம் ஒரு லட்சம் என்று அன்றைய செய்திகள் கூறின. ஹன்பிட் ஸ்டார்ஸ் அணியிடம் தோற்ற எஸ்.கே. டெலிகாம் டி1-ன் நட்சத்திரம் லிம் யோ-ஹ்வான், சினிமா நடிகர்களுக்கு நிகரான ரசிகர் பட்டாளம் கொண்டவர்.

அவருக்கும் ராணுவ அழைப்பு வந்தது. கொரியாவில் ஆண்களுக்குக் கட்டாய சேவை. அந்த வயதில் இரண்டு வருடம் மவுஸைத் தொடாமல் இருந்தால் தொழில் முடிந்த மாதிரிதான். அதற்குக் கிடைத்த தீர்வைக் கேட்டால் சிரிப்பு வரும்: 2007-ல் கொரிய விமானப்படையே 'ஏஸ்' என்ற பெயரில் ஒரு ஸ்டார்கிராஃப்ட் அணியைத் தொடங்கிவிட்டது! லிம் உட்படப் பலர் சிப்பாயாக இருந்துகொண்டே லீக்கில் ஆடினார்கள். அணி அதிகம் ஜெயிக்கவில்லை. 2012-ல் கலைக்கப்பட்டது.

*

சட்டம் இன்னொரு பக்கமிருந்தும் வந்தது. 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணி வரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று 2011 நவம்பரில் கொரிய அரசு தடை போட்டது. அடுத்த வருடம் 15 வயது ஸ்டார்கிராஃப்ட் வீரர் ஒருவர் வெளிநாட்டுப் போட்டியின் தகுதிச்சுற்றில் ஆடிக்கொண்டிருந்தபோதே மணி பன்னிரண்டு அடித்துவிட்டது. நேரத்தோடு தூங்கச் சொல்லிக் கணக்கு அவரை வெளியேற்றியது. அந்தத் தடை 2022 தொடக்கத்தோடு நீங்கியது.

*

பதினாறு, பதினேழு வயதில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும் பையனுக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யார் படித்துச் சொல்வது? 2019-ல் 'கனாவி' என்ற லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் வீரர் சோ ஜின்-ஹ்யோக்கின் விவகாரம் வெடித்தபோது கொரியா முழுக்க இதே கேள்விதான். வயது நிரம்பாத அவரை நெருக்கி நீண்டகால ஒப்பந்தத்தோடு சீன அணிக்கு மாற்றப் பார்த்தார்கள் என்று அவருடைய அணியின் முன்னாள் பயிற்சியாளரே போட்டுடைத்தார். விசாரணை கேட்டு அதிபர் மாளிகைக்குப் போன மனுவில் இரண்டு லட்சம் பேருக்கு மேல் ஒப்பமிட்டார்கள். 2020-ல் அரசே வீரர்களுக்கான மாதிரி ஒப்பந்தத்தைக் கொண்டுவந்தது.

அதே கனாவி 2023-ல் ஹாங்சோ ஆசியப் போட்டியில் கொரிய அணிக்காகத் தங்கம் வென்றார். ஆசியத் தங்கத்துக்குக் கொரியாவில் பதக்கத்தைவிடப் பெரிய பரிசு ஒன்று உண்டு: சில வார அடிப்படைப் பயிற்சியோடு, இப்போது ஒன்றரை ஆண்டாக இருக்கும் ராணுவ சேவையிலிருந்து விலக்கு. ஆறு பேர் கொண்ட அந்த அணியில் உலகப் புகழ் 'ஃபேக்கர்' இறுதி ஆட்டத்தில் களமிறங்கவே இல்லை. அவர் இடத்தில் 'சோவி' ஆடினார். விலக்கு ஆறு பேருக்கும்தான்.

*

லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் ஆட்டத்தைப் பார்க்கப் போனால் முதல் ஏழெட்டு நிமிடத்தைத் தவறவிடாதீர்கள். சண்டை தொடங்கியிருக்காது, ஆனால் பாதி ஆட்டம் அங்கேயே முடிந்துவிடும். ஐந்து வீரர்கள் உட்கார்ந்திருக்க, பின்னால் பயிற்சியாளர் காதில் ஹெட்செட், கையில் நோட்டுப் புத்தகத்தோடு நிற்பார். 160-க்கும் மேற்பட்ட பாத்திரங்கள். முதலில் ஒவ்வோர் அணியும் மும்மூன்று பாத்திரங்களைத் தடை செய்யும், பிறகு மும்மூன்றைத் தேர்ந்தெடுக்கும், மறுபடி இரண்டிரண்டு தடை, மீதி தேர்வு. கடிகாரம் விநாடிகளை விழுங்கிக்கொண்டிருக்க, ஒருவர் 'அதை எடு' என்பார், இன்னொருவர் 'அது அவர்களுக்கு வசதி' என்பார், பயிற்சியாளர் நோட்டைப் புரட்டுவார். கடைசிப் பாத்திரம் பூட்டப்பட்டதும் ஹெட்செட்டைக் கழற்றிவைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கிவிடுவார்.

2025 முதல் இன்னும் சிக்கல்: ஐந்து ஆட்டத் தொடரில் ஒருமுறை ஆடிய பாத்திரத்தை அந்தத் தொடர் முடியும்வரை யாரும் தொட முடியாது. இரண்டு மூன்று பாத்திரங்களை மட்டும் மெருகேற்றி வைத்துக்கொண்டு காலம் தள்ளியவர்கள் பாவம்.

*

மேடையில் வீரர்கள் குளிர்காலத்தில் பயன்படுத்தும் சூட்டுப் பையைக் கையில் பிடித்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். ஏ.சி. அரங்கில் விரல் விறைத்தால் பிழைப்பு போய்விடும்.

*

2012 லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் உலகப் போட்டி, லாஸ் ஏஞ்சலிஸ். பார்வையாளர்களுக்காக வைத்த ராட்சதத் திரை வீரர்களின் கண்ணிலும் பட்டது. அசுபு ஃப்ராஸ்ட் அணியின் வீரர் திரும்பிப் பார்த்தது கேமராவில் பதிவாகி, அணிக்கு 30,000 டாலர் அபராதம். பரீட்சை ஹாலில் பக்கத்துப் பையன் பேப்பரைப் பார்த்ததற்கு இவ்வளவு பெரிய தண்டனை வேறெங்கும் கிடையாது.

இதைவிடச் சாமர்த்தியமான களவு 'கவுண்டர்-ஸ்ட்ரைக்' விளையாட்டில் நடந்தது. பயிற்சியாளரின் பார்வைக் கேமரா வரைபடத்தில் ஓரிடத்தில் சிக்கிக்கொள்ளும் ஒரு மென்பொருள் பிழை. அதன் வழியாக எதிரணி நடமாட்டம் தெரிந்தது. பழைய பதிவுகளை எல்லாம் தோண்டி, 2020 செப்டம்பரில் 37 பயிற்சியாளர்களுக்குத் தடை விதித்தார்கள்.

*

2022 மே மாதம் பூசானில் லீக் ஆஃப் லெஜண்ட்ஸ் பன்னாட்டுப் போட்டி. கொரோனா கெடுபிடியால் சீனாவின் ஆர்.என்.ஜி. அணி மட்டும் சொந்த நாட்டிலிருந்தபடி ஆடியது. அவர்களுடைய கட்டளை இணையம் வழியாகப் பூசான் சர்வரை எட்டத் தாமதமாகும் அல்லவா? நியாயம் வேண்டும் என்று, சர்வருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அணிகளுக்கும் செயற்கையாக 35 மில்லி விநாடித் தாமதம் வைத்தார்கள். வீரர்களோ "35 இல்லை, இது அதிகமாக இருக்கிறது" என்று புலம்பினார்கள். சோதித்துப் பார்த்தால் புலம்பல் சரி! ஆர்.என்.ஜி. ஆடி முடித்த மூன்று ஆட்டங்களையும் மறுபடி நடத்த வேண்டியதாயிற்று.

*

'கவுண்டர்-ஸ்ட்ரைக்' ஆடும் டென்மார்க்கின் அஸ்ட்ராலிஸ் அணி, திறமை இருந்தும் அரையிறுதி வந்தால் நடுங்கும் அணி என்று பெயரெடுத்திருந்தது. 2016-ல் மியா ஸ்டெல்பர்க் என்ற விளையாட்டு உளவியலாளரைக் கூட்டிவந்தார்கள். தூக்கம், உணவு, தோற்ற ரவுண்டை உடனே மறப்பது எல்லாம் பாடத்திட்டம். 2017-ல் அட்லாண்டாவில் 'மேஜர்' என்ற பெரும்போட்டியின் பட்டம். பிறகு லண்டன், கடோவிட்சே, பெர்லின் என்று அடுத்தடுத்து மூன்று. இத்தனை கவனமாக இருந்த அந்த அணியிலும் 2020-ல் கேப்டன் உட்பட இருவர் மன அழுத்தத்தால் மருத்துவ விடுப்பில் போனார்கள். வருடம் முழுக்க விமானம், ஹோட்டல், மேடை என்று அலைந்தால் உளவியலாளர் மட்டும் என்ன செய்துவிட முடியும்?

*

உடம்பும் சும்மா விடாது. அமெரிக்காவின் கிளவுட்9 அணிக் கேப்டன் ஹாய் லாம் மணிக்கட்டு வலியால் 2015-ல் விலகினார். சீன நட்சத்திரம் 'உசி' 2020-ல் ஓய்வு அறிவித்தபோது வயது 23. சொன்ன காரணங்கள் கைவலியும் இரண்டாம் வகை சர்க்கரை நோயும். (பிறகு மனசு கேட்காமல் திரும்பி வந்தார்.) ஃபேக்கரே 2023 கோடையில் கைவலியால் சில வாரம் ஒதுங்க, அவர் இல்லாமல் அவருடைய டி1 அணி தோல்வி மேல் தோல்வி கண்டது. திரும்பி வந்தவர் அதே ஆண்டு நவம்பரில் சியோலில் உலகக் கோப்பையைத் தூக்கினார்.

*

ஃபேக்கர், அதாவது லீ சாங்-ஹ்யோக், பள்ளியை விட்டு 2013-ல் டி1-ல் சேர்ந்தார். இன்றுவரை வேறு அணி மாறவில்லை. 2013, 2015, 2016, 2023, 2024, 2025 என ஆறு உலகப் பட்டங்கள். அணியின் பங்குதாரர்களில் அவரும் ஒருவர். இப்போதைய ஒப்பந்தம் 2029 வரை. அப்போது அவருக்கு வயது 33. இருபத்தைந்துக்குள் பெரும்பாலோர் கடையைக் கட்டிவிடும் தொழிலில் இது அதிசயம்தான்.

*

இந்த அணிகள் இப்போது சதுரங்கக்காரர்களையும் சம்பளத்துக்கு எடுக்கின்றன. ரியாத்தில் 2025-ல் நடந்த இ-ஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையில் செஸ்ஸும் சேர்க்கப்பட்டதும் மேக்னஸ் கார்ல்சனை டீம் லிக்விட் வளைத்தது. அர்ஜுன் எரிகைசியைக் கொரியாவின் ஜென்ஜி எடுத்தது. மதுரைக்காரரான அரவிந்த் சிதம்பரத்தையும் நிஹால் சரினையும் இந்தியாவின் 'சோல்' ஒப்பந்தம் செய்தது. பலகை, காய் எதுவும் கிடையாது. திரையைப் பார்த்து மவுஸில்தான் நகர்த்த வேண்டும். ஆளுக்குப் பத்து நிமிடம், நகர்த்தலுக்குக் கூடுதல் விநாடி என்ற சலுகை இல்லை. பட்டம் கார்ல்சனுக்கு, நான்காம் இடம் அர்ஜுனுக்கு.